இடப்பக்கத்துக் கிட்டார்

மூன்றையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு அமீருதீன் பாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், "நிதானமா பாருங்கம்மா, மத்தியானத்துல யாரும் வரமாட்டாங்க, அவசரமே இல்ல" என்றார், அவசரமே இல்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அவசரம் வந்து தொற்றிக்கொள்கிறது, டாக்டரம்மாவும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னார், அவசரமில்ல, உக்காருங்க, வீட்டுலேருந்து யாராவது வந்திருக்காங்களா என்று. மூன்று பெடல்கள், கிட்டார் சத்தத்தைக் காலால் மிதித்து மாற்றுகிற பெட்டிகள். ஒன்று பிளாஸ்டிக், கையில் தூக்கினால் பொம்மை கனம், அதன் மேல் இருக்கிற குமிழ்கள் எல்லாம் மிட்டாய் நிறத்தில். இன்னொன்று கறுப்பு இரும்பு, நெற்றியில் நீளமாக ஒரு சின்னத் திரை, திரைமேல் ஒட்டிய தாள்கூட உரிக்காத புதுசு. மூன்றாவது யாரோ வைத்திருந்து விற்றது, ஓரங்களில் பெயின்ட் போய் உள்ளேயிருக்கும் தகரம் தெரிகிறது, காலை வைத்து மிதிக்கிற பலகையில் யாருடைய செருப்போ தேய்த்துத் தேய்த்து ஒரு பளபளப்பு. என் பழைய டப்பாக்கள் ஐந்தும் லால்குடி ரிசப்ஷனில் நனைந்து செத்துவிட்டன, பந்தலில் தேங்கிய மழை ஒரே கொட்டாகக் கொட்டியது, சரியாக என் காலடியில், கரகரப்புக்கு ஒரு டப்பா, எதிரொலிக்கு ஒரு டப்பா, அலைக்கு ஒரு டப்பா என்று கல்யாணத்துக்கு முன்பிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, மறுநாள் வெயிலில் காயவைத்தேன், வடகம் காயவைத்த மாதிரி இருக்குது என்றார் என் வீட்டுக்காரர் பெஞ்சமின், ஒன்றும் உயிர் பிழைக்கவில்லை. "தனித்தனியா வாங்குற காலமெல்லாம் போச்சு ஜெசி, எல்லாமும் ஒரே பெட்டிக்குள்ள இருக்குற மாதிரி வருது, பட்ஜெட்டுக்குள்ளயே வருது, போய் ஒண்ணு வாங்கிட்டு வா, ஞாயித்துக்கிழமை திருவெறும்பூர்ல கச்சேரி" என்று குழந்தைராஜ் அண்ணன்தான் பாயின் இந்தக் கடைக்கு அனுப்பினார். எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் தலைவர், கீபோர்டும் அவர்தான், வேன் பிடிப்பதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பழக வேண்டும். கையில் இருப்பதற்குள் முடிக்க வேண்டும். ஒரு காதை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், இது யாருக்கும் தெரியாமல்.

பாய் என் இடது பக்கம் நிற்கிறார். அதனால் அவர் பேசுவது எனக்கு எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து வருவது போலக் கேட்கிறது. நான் கிட்டாரை மடியில் சரிசெய்கிற சாக்கில் ஸ்டூலைத் திருப்பினேன், இப்போது அவர் வலப்பக்கம், இந்த வித்தையெல்லாம் வந்துவிட்டது, பஸ்ஸில் இடது ஜன்னல் ஓரம் உட்காருவது, டீக்கடையில் சுவரை ஒட்டி நிற்பது, யாராவது எதிர்பாராத பக்கத்திலிருந்து கூப்பிட்டால் யோசனையில் இருந்த மாதிரி மெதுவாகத் திரும்புவது. வீட்டில் நானும் பெஞ்சமினும் கட்டிலில் இடம் மாறிப் படுத்துக்கொண்டோம், அவருக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கும் பாதிதான் தெரியும். சித்திரையில் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன், இடது காதுக்குள் யாரோ ஈரப் பஞ்சை வைத்து அழுத்தியது போல இருந்தது, தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தேன், தண்ணீர் இல்லை, குழாயிலிருந்து விழுகிற தண்ணீரின் சத்தமே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது, உலகம் ஒரு காலில் நின்றது. புத்தூரில் அந்த டாக்டரம்மா இசைக்கவையைத் தட்டி என் நெற்றியில் நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேக்குது? எனக்கு முதலில் அது என்ன சுரம் என்றுதான் கேட்டது, சி, கொஞ்சம் இறங்கிய சி, சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன், அவர் கேட்டது அது இல்லை. வலது, டாக்டர், எல்லாம் வலதுக்கே போகுது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். மாத்திரையில் முகம் உப்பியது, முகம் வற்றியது, காது வரவில்லை. "உள்ள இரைச்சல் கேக்கலாம், சிலருக்கு விசில் மாதிரி, சில பேருக்குப் பாட்டுகூடக் கேக்கும், காதுலேருந்து ஒண்ணும் வராதப்ப மூளை தானா போட்டுக்கும், பயப்படக் கூடாது, உங்களுக்கு அப்படி ஏதாவது?" இரைச்சல் மட்டும்தான் என்றேன். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது, தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல. பாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் அத்தனை வேகமாக இல்லை என்றேன், அவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் பிளாஸ்டிக். பாய் ஒயரைச் சொருகி ஹெட்போனைக் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டார். கடையின் மாடியில் இது ஓர் ஒதுக்கு அறை, சோதித்துப் பார்க்கிறவர்களுக்காக, சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிற நுரை ஒட்டியிருக்கிறது, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே தெப்பக்குளம் பக்கத்துத் தெரு சத்தமில்லாமல் ஓடுகிறது, ஆட்டோக்காரர் வாயைத் திறக்கிறார், பூக்காரம்மா வாயைத் திறக்கிறாள், ஒன்றும் வரவில்லை. இந்த அறை என் இடது காது மாதிரி இருக்கிறது. இங்கே சத்தம் எதிலும் பட்டுத் திரும்பாது, விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும், என் மூச்சுகூட மூக்கைத் தாண்டியதும் காணாமல் போகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பிகள் ஆறையும் சேர்த்து ஒரு கார்டை இழுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. கரகரப்பு கொஞ்சம் ஈ மொய்ப்பது போல, எதிரொலி கொஞ்சம் தகர டப்பாவுக்குள் பேசுவது போல, இந்த விலைக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொள்ளும்போதே தெரிந்தது, இந்தச் சத்தத்தோடு கல்யாண மண்டபத்தில் நின்றால் முன்வரிசையில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லாம் வலதில். இடது பக்கம் அரிசி புடைக்கிற சத்தம் மட்டும். காட்டூர் விக்டர் ஏற்கெனவே அண்ணனிடம் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான், கிட்டாருக்கு ஆள் வேணுமா என்று, அண்ணன் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், ஏன் சொன்னார், சும்மா சொன்னாரா, சும்மா சொல்லக்கூடிய ஆள்தான், ஆனால் சும்மா எதையும் சொல்லாத ஆளும் அவர்தான். விக்டருக்கு இரண்டு காது. அவன் கையில் ஐந்து விரலும் அவசரம். மேடையில் நான் ஏறியதும் மாப்பிள்ளையின் நண்பர்கள், பொம்பள கிட்டார் வாசிக்குது பாருடா என்று செல்போனைத் தூக்குவார்கள், அதற்காகவாவது என்னை வைத்திருப்பார்கள் என்று ஒரு நாள் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக அன்றைக்கு முழுக்க என்மேலேயே எனக்குக் கோபம்.

"ரெண்டாவது பாருங்க, இது ஸ்டீரியோ" என்றார் பாய். "ரெண்டு பக்கமும் தனித்தனியா வரும். ஸ்டேஜ்ல ரெண்டு ஸ்பீக்கர்ல விட்டீங்கன்னா கூட்டத்தைச் சுத்தி வந்துரும்." கறுப்பு இரும்பின் திரை நீலமாக விழித்தது. எதிரொலியில் ஒரு வகை இருக்கிறது, அடித்த சுரம் வலது காதில் ஒருமுறை, இடது காதில் ஒருமுறை என்று பந்து மாதிரி மாறி மாறி விழுந்து தேயும், அவர் அதைத்தான் போட்டுவிட்டுப் போனார், எனக்கு அது பாதிதான் கேட்கும், ஒன்று கேட்டு ஒன்று விட்டு, படியில் ஒன்று விட்டு ஒன்றாக இறங்குவது போல, அதை நினைத்து மனசைத் தயார் செய்துகொண்டுதான் ஒரே ஒரு சுரத்தை அடித்தேன். வலதில் விழுந்தது. இடதில் விழுந்தது. வலதில். இடதில். என் கை கம்பிமேல் அப்படியே நின்றுவிட்டது. இன்னொருமுறை அடித்தேன். வலது, இடது, வலது, இடது, தெளிவாக, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற தெளிவில், ஈரப் பஞ்சு இல்லை, அரிசி இல்லை, உலகம் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. டாக்டரம்மா சொல்லியிருந்தார், ஒரு சிலருக்கு மாதக்கணக்கில் கழித்துத் தானாகவே திரும்பும் என்று, நான் அதை நம்பவில்லை, நம்பினால் தினமும் காலையில் எழுந்து சோதித்துப் பார்க்கத் தோன்றும் என்பதால் நம்பவில்லை, இப்போது கண்ணில் தண்ணீர் வருகிறது, பாய் பார்க்கிறாரா, பார்க்கவில்லை, போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார். பெஞ்சமினுக்குச் சொல்ல வேண்டும். இல்லை, முதலில் வாசிக்க வேண்டும். வாசித்தேன். பழைய பாட்டுகளின் இடையிசைத் துண்டுகள், எதுவோ, கைக்கு வந்தது, ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்திலிருந்து அது திரும்பி வந்தது, நான் விட்டெறிந்ததை ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவது போல. எத்தனை மாதத்துக்குப் பிறகு என் மண்டைக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

எப்போது கவனித்தேன் என்று தெரியவில்லை. நான் மேலே போய்விட்டு இறங்கி வந்த ஒரு வரிக்கு, இடதிலிருந்து வந்தது இறங்கவில்லை, மேலேயே இருந்தது, இருந்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வளைந்து, பிறகுதான் இறங்கியது. அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை. இந்தப் பெட்டிகளில் அப்படி ஒரு வசதியும் உண்டு, நாம் ஒரு சுரம் வாசித்தால் அதற்கு இசைவான இன்னொரு சுரத்தைத் தானாகச் சேர்த்துப் போடும், அதைத்தான் பாய் தட்டிவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன், இந்த விலையில் இத்தனை நயமாகப் போடுகிறதே, வளைக்கிறதே, வளைக்கிற இடத்தில் மூச்சு எடுத்துக்கொள்கிறதே. ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, "பாய், இதுல ஹார்மனி ஆன்ல இருக்கா?" என்று கேட்டேன். "இல்லியேம்மா, எக்கோ டிலே மட்டும்தானே போட்டேன்" என்று வந்து குனிந்து திரையைப் பார்த்தார். "ஆஃப்லதான் இருக்கு. ஏன், ஏதும் கூடக் கேக்குதா? குடுங்க." ஹெட்போனை வாங்கித் தொப்பிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, "அடிங்க" என்றார். அடித்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். இடது பக்கத்து மூடியை விரலால் தட்டினார், ஒயரை முறுக்கிப் பார்த்தார், மறுபடி தட்டினார். "மன்னிச்சிருங்கம்மா, இந்த ஹெட்போனைத் தூக்கிப் போடணும்னு காலைலேருந்து நெனச்சிக்கிட்டே இருக்கேன். லெஃப்ட் செத்துப் போச்சு. ஒரு பக்கம்தான் வருது. நீங்க சொல்லவே இல்லியே, எப்படிப் பாத்தீங்க ஸ்டீரியோவ?" அவர் வேறொன்று எடுத்துவரக் கீழே இறங்கினார், மரப்படியில் அவர் கால் வைப்பது எனக்குக் கேட்டது, வலதில் மட்டும்.

வராத சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். வரவே வராத ஒயரிலிருந்து. இடது பக்கத்து மூடி வெறும் மூடி, காதின் மேல் வைத்த ஒரு துண்டு ரப்பர், அதற்குள்ளிருந்துதான் அத்தனையும் வந்தது. அறை அப்படியே இருக்கிறது, நுரைச் சுவர், ஜன்னலுக்கு அப்பால் வாயைத் திறக்கிற தெரு, நான் எழுந்து போய்விடலாம், காலணியை மாட்டிக்கொண்டு வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம், எழவில்லை. அம்மா பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் கடைசி வருஷம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். "கோயில்ல பாடுறாங்க, உனக்குக் கேக்கலியா?" என்பாள். கோயில் அந்த நேரத்துக்குப் பூட்டியிருக்கும். விசிறியை நிறுத்தினோம், பாட்டு நிற்கவில்லை என்றாள். ரேடியோவின் ஒயரைப் பிடுங்கி அவளிடமே காட்டினார் அப்பா. அம்மாவுக்கு அப்போது காது அறவே மந்தம், கத்திப் பேசினால்தான் விளங்கும், அவளுக்கு எப்படிப் பாட்டு மட்டும் கேட்கும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, ஜெபம் பண்ணுகிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள், அவர் அவள் தலையில் கை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார், அவள் அந்தக் கைக்கடியிலிருந்து எங்களைப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் காலையில் மிகச் சாதாரணமாக, "நிறுத்திட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பாட்டு கேட்டதற்கு அவள் அழவில்லை, நின்றதற்குத்தான் அழுதாள், அதை அப்போது நான் பார்த்தேன், பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் காப்பி போடப் போனேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது, மூளை தானா போட்டுக்கும். சரி. என் மூளை போடுகிறது. ஆனால் என் மூளைக்கு என் கை தெரியும், இருபது வருஷமாக அது தட்டிய பாதையெல்லாம் தெரியும், என் கை மேலே போனால் எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியாதா, அந்த வளைவை நான் ஒருநாளும் வளைத்ததில்லை. எனக்கு அது வராது.

புது ஹெட்போனுடன் பாய் வந்தார், தானே மாட்டிப் பார்த்து, "ம், ரெண்டும் வருது" என்று கொடுத்தார். அதை வேண்டுமென்றே திருப்பி மாட்டிக்கொண்டேன், இடது மூடி வலது காதில், வலது மூடி இடது காதில், பெட்டி தன் இடப்பக்கத்தில் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று நல்ல காதால் கேட்டுவிட வேண்டும். ஒரு வரி வாசித்தேன். நல்ல காதில் என் வரியே நேர்மையாகத் தேய்ந்து தேய்ந்து வந்தது, ஒரு சுரம் கூடவில்லை, குறையவில்லை. பெட்டியில் ஒன்றும் இல்லை, நிம்மதி என்று நினைப்பதற்குள் கேட்காத பக்கத்திலிருந்து அது வந்தது, தன் வளைவோடு, தன் மூச்சோடு. நான் வேகத்தைக் கூட்டினேன், அதுவும் கூட்டியது. குறைத்தேன், குறைத்தது. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் மற்றவரின் தோளைப் பார்ப்போமே, அடுத்து எங்கே போகப்போகிறார் என்று தோளில் தெரியும், அப்படி ஒரு பார்வை என்மேல் இருந்தது. பிறகு முறை மாறிவிட்டது. நான் அடிப்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் அது அடித்தது, நான் அதே சுரத்தில் போய் விழுந்தேன். தற்செயல். அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். என் விரல் போகிற இடமெல்லாம் அது ஏற்கெனவே இருந்தது, நான் போகாத இடத்துக்கு அது போனது, என் விரல் பின்னாலேயே போனது, இதுவரை போகாத ஃப்ரெட் கட்டத்தில் போய் நின்று கம்பியை வளைத்தது, சரியாக வளைத்தது. நான் கையை எடுத்துவிட்டேன். சுட்டது மாதிரி. அது நிற்கவில்லை. பெட்டியின் பொத்தானைக் காலால் அழுத்தி அணைத்தேன், திரை இருண்டது, அது நிற்கவில்லை. கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன், அப்பா ரேடியோவின் ஒயரைப் பிடுங்கியது போலவே, ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன், அது தன் வரியை அவசரமில்லாமல் முடித்தது, முடித்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அரிசி புடைக்கிற இரைச்சல்கூட இல்லை. அந்த அமைதி வெறுமையாக இல்லை. தன் முறை முடிந்ததும் எதிரில் இருப்பவருக்காக இடம் விட்டு, கம்பியின்மேல் விரலை வைத்தபடி ஒருவர் காத்திருப்பார் இல்லையா, அந்த அமைதி. அது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மூச்சு விட்டால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளும் என்பது போல.

"என்னம்மா, அணைச்சிட்டீங்க? புடிக்கலியா?" பாய் கேட்டது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்குள் வந்து சேர்ந்தது. "மூணாவது பாக்கவா பாய்" என்றேன், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, எனக்கே ஆச்சரியம். பழசைச் சொருகினார். இதில் திரை கிடையாது, குமிழ்கள் மட்டும், அவையும் கொஞ்சம் இறுக்கம். "ஒரு சர்ச்ல வாசிச்சவரு வெச்சிருந்தது, வெளியூர் மாத்தலாகிப் போறாருன்னு குடுத்தாரு, நல்ல கை. ஆனா இதுல ஒரு அவுட்புட்தாம்மா, ஸ்டீரியோ கெடையாது. அதனாலதான் வெல கம்மி." ஒரு கார்டை இழுத்தேன். அந்தக் கரகரப்பு தொண்டையிலிருந்து வந்தது, ஈ மொய்க்கவில்லை. எதிரொலி ஒரே ஒரு சுவரில் பட்டு வந்தது, ஆனால் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பலகையை மிதித்தேன், பழைய செருப்பு தேய்த்த இடத்தில் என் கால் பொருந்தியது, சத்தம் கதவு திறப்பது போல அகன்றது. இடப்பக்கம் ஒன்றும் வரவில்லை. வாசித்து முடித்து நான் காத்திருந்ததை, அது வருமா என்று ஒரு கண நேரம் நானே காத்திருந்ததை, கவனித்துவிட்டேன். "இதையே எடுத்துக்கறேன்" என்றேன். பாய்க்கு மனசு ஒப்பவில்லை. "ஸ்டேஜுக்கு ஸ்டீரியோ நல்லாருக்குமேம்மா, கொஞ்சந்தான் கூட வரும், மெதுவா குடுங்க, குழந்தைராஜ் அனுப்புன ஆளு, எனக்கென்ன." நான் கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன், ஜிப்பின் பல் சிக்கிக்கொண்டது, அதை இழுத்துக்கொண்டே சொன்னேன், "ஒரு பக்கம் போதும் பாய். எனக்கு எடது காது கேக்காது." இவ்வளவுதான். எத்தனை மாதமாகச் சுமந்த வாக்கியம், ஜிப்பை இழுக்கிற நேரத்தில் வெளியே வந்துவிட்டது. அவர் ஐயோ என்று சொல்லவில்லை, எப்பலேருந்து என்று கேட்கவில்லை. பெட்டியைச் சுற்றி நடந்து என் வலப்பக்கம் வந்து நின்றுகொண்டு, "அடாப்டர் இதுக்குள்ளயே வெச்சிருக்கேன், வேற அடாப்டர் போட்டுராதீங்க, கருகிரும்" என்றார். அந்த நான்கு எட்டுக்காக எனக்கு அவரை என்றைக்கும் பிடித்திருக்கும்.

கடைக்கு வெளியே வெயில் அடித்து நிறுத்தியது. சத்தம் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து மேலே வந்து விழுந்தது, பஸ் ஹார்ன், பூக்காரம்மாவின் குரல், இளநீர் சீவுகிற கத்தி. சொல்லிவிட்டேன் என்றால் சொல்லிவிட வேண்டும், பாயிடம் சொன்னது இன்று சாயங்காலத்துக்குள் அண்ணனுக்குப் போய்விடும், அவர் சொல்லி அண்ணன் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வதுதான் மரியாதை, விக்டரை வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் சொல்லட்டும், ஒரு கடையின் ஷட்டர் நிழலில் ஒதுங்கி நின்று போனை வலது காதில் அழுத்திக்கொண்டேன். "வாங்கிட்டியா ஜெசி?" என்றார். வாங்கிட்டேண்ணே, பழசு ஒண்ணு, நல்லாருக்கு. "அண்ணே, ஒண்ணு சொல்லணும். எனக்கு எடது காது போயிருச்சு. சித்திரையிலேருந்து. இனி வர்றது கஷ்டம்னுட்டாங்க." அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. "தெரியும்" என்றார். எனக்குப் புரியவில்லை. "காதுன்னு தெரியாது, என்னமோ ஆயிருச்சுன்னு தெரியும். நம்ம டிரம்ஸ் சேவியர் ரெண்டு தடவ எடது பக்கத்துலேருந்து கூப்பிட்டான், நீ திரும்பல. சரி, அதுவா வந்து சொல்லட்டும்னு விட்டோம். எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், லூசு, சொல்ல வேண்டியதுதான, எங்களுக்கு நீ நிக்கிற எடத்த மாத்தி வெக்கத் தெரியாதா?" நான் ஷட்டரின் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன், சூடாக இருந்தது, விடவில்லை. விக்டரு? "விக்டரா, அவன் கெடக்கான். ஜெசி, காது போனப்புறந்தான் நீ வாசிக்கவே ஆரம்பிச்சிருக்க, தெரியுமா?"

"என்னண்ணே சொல்றீங்க?" "நெசமாத்தான். இந்த மூணு நாலு மாசமா நீ பாட்டுக்கு முன்னாடி போற. தாளத்துக்கு ஒரு நூல் முன்னாடி. மொதல்ல சேவியருக்கு எரிச்சல்தான், அப்புறம் அவனே உன் பின்னாடி வர ஆரம்பிச்சுட்டான், இப்ப நாங்க எல்லாருமே உன் பின்னாடிதான் வந்துக்கிட்டு இருக்கோம். எடையில எடையில ஒண்ணு போடுறியே, ஒரிஜினல்ல இல்லாதது, மேல போயி நின்னுக்கிட்டு, வளைச்சு, அப்புறமா எறக்குவியே. லால்குடியில மழைக்கு முன்னாடி அந்த டூயட்டுக்கு நடுவுல போட்டியே, சமையக்கட்டுலேருந்து ஆளுங்க வெளிய வந்து நின்னு கேட்டாங்க, நீ பாக்கல, கண்ண மூடிக்கிட்டு இருந்த." நான் லால்குடியை நினைத்துப் பார்த்தேன். பந்தலின் மஞ்சள் பல்பு. ஈர மண் வாசனை. டூயட்டின் நடுவில் எப்போதும் வாசிக்கிற அதே துண்டைத்தான் வாசித்தேன், எத்தனையோ மேடையில் வாசித்தது, கை தானாகப் போகிற துண்டு, வேறொன்றும் இல்லை, சத்தியமாக வேறொன்றும் வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை. எல்லா மண்டபத்திலும், எல்லா மேடையிலும், என் கை எனக்குத் தெரியாமல் போய்விட்டு வந்திருக்கிறது. யாரோ கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இளநீர்க்காரர் என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறார், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "நான் இங்க கீபோர்டுல அத வாசிச்சுப் பாத்தேன் ஜெசி, ஞாயித்துக்கெழம சேந்து போடலாம்னு, எனக்குப் புடிபடல" என்றார் அண்ணன். "யாரு போட்டது அது? எங்கேருந்து எடுத்த?" போனை இன்னும் அழுத்திப் பிடித்தேன். இடப்பக்கம் தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, அதில் எதுவும் எனக்கு வரவில்லை, அதற்கு உள்ளே, மிக அருகில், கம்பியின்மேல் விரல் ஒன்று மெல்ல வந்து உட்கார்கிற சத்தம்.

"தெரியலண்ணே" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."